சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் தனித்தனி டிக்கெட்டில் விமானம் மாறுதல்: எங்கே சிக்கும், எப்படி அவிழ்ப்பது

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு நிறுவனத்தில் ஒரு டிக்கெட். சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்கோ பாலிக்கோ வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். இப்படிப் பிரித்து வாங்கினால் பணம் மிச்சமாகும், பல நேரம் நன்றாகவே மிச்சமாகும். ஆனால் நிறுவனங்களின் கணினியில் நீங்கள் இரண்டு பயணிகள்: சிங்கப்பூரோடு பயணம் முடிந்துபோன ஒருவர், சிங்கப்பூரில் புதிதாகப் பயணம் தொடங்கும் இன்னொருவர். அந்த இருவருக்கும் நடுவே உள்ள வேலை முழுக்க உங்கள் தலையில்தான்.

எல்லாச் சிக்கலுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: கீழே போடும் பெட்டி உண்டா, இல்லையா? பெட்டி போட்டிருந்தால் குடிநுழைவைக் கடந்து, பெல்ட்டில் பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மேலே புறப்பாட்டு மாடிக்கு ஏறி, மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். கைப்பை மட்டும்தான் என்றால் சிங்கப்பூருக்குள் நுழையாமலே டிரான்சிட் பகுதியில் இருந்துகொண்டு அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம். டிக்கெட் வாங்கும் முன்பே இதை முடிவு செய்யுங்கள்.

புறப்படும் ஊரிலேயே "சிங்கப்பூர் விசா எங்கே?" என்று நிறுத்துகிறார்கள்

கவுன்டரில் இருப்பவருக்குத் தெரிவது அவருடைய நிறுவனத்தின் டிக்கெட் மட்டும். அது சிங்கப்பூரில் முடிகிறது. நுழைய அனுமதி இல்லாதவரை ஏற்றிவந்தால் திருப்பிக் கொண்டுபோகும் பொறுப்பு அந்த நிறுவனத்தின் மேல் விழும். அதனால்தான் அவ்வளவு கண்டிப்பு. "நான் மாறித்தான் போகிறேன்" என்று வாயால் சொல்வது அங்கே எடுபடாது.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம். வந்து இறங்கியபின் வாங்கும் வசதி கிடையாது. இலங்கை, மலேசியப் பாஸ்போர்ட்டுக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்போருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, 96 மணி நேர விசா இல்லா டிரான்சிட் சலுகை. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஒன்று கொடுத்த, குறைந்தது ஒரு மாதமாவது செல்லுபடியாகும் விசா அல்லது நீண்டகால அனுமதி கையில் இருக்க வேண்டும். 96 மணி நேரத்துக்குள் மூன்றாவது நாட்டுக்குக் கிளம்பும் உறுதியான டிக்கெட்டும் வேண்டும். பெர்த்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாவுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை என்பதால் விசாக் கடிதத்தையும் அடுத்த டிக்கெட்டையும் தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்தனுப்புங்கள். கைப்பேசியில் தேடிக்கொண்டு நிற்கும் பெரியவரைப் பார்த்து வரிசையே பெருமூச்சு விடும். இது சலுகைதான், உரிமை அல்ல. கடைசி முடிவு குடிநுழைவு அதிகாரி கையில். திரும்பி வரும்போது அதே நிபந்தனைகளை அந்தத் தேதிக்குப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். போகும்போது பொருந்தியது என்பதால் வரும்போதும் பொருந்தும் என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, முன்கூட்டியே விசா. பாலிக்குப் போகும் இந்தியக் குடும்பத்துக்கு மேற்சொன்ன நாடுகளின் விசா எதுவும் இல்லையென்றால் நிம்மதியான வழி இதுதான். ஊரில் அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் போடலாம். 21 வயது நிறைந்த சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ சிங்கப்பூரிலிருந்தே சிங்பாஸ் என்ற அரசு இணையக் கணக்கு வழியாகவும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்).

மூன்றாவது, கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸையும் முன்பே கையில் வைத்துக்கொண்டு வெளியே வராமல் மாறுவது. முதல் நிறுவனம் இதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். சில மலிவுக்கட்டண நிறுவனங்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே எழுதிக் கேட்டு, வந்த பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி நேராகப் போகுமா, இங்கே எடுக்க வேண்டுமா என்று தெரியவில்லை

யார் என்ன சொன்னாலும் கடைசிச் சொல் பெட்டியில் கட்டும் டேக்தான். அதில் பெரிய எழுத்தில் மூன்றெழுத்து விமான நிலையக் குறி இருக்கும். சிங்கப்பூருக்கு எஸ்.ஐ.என்., சென்னைக்கு எம்.ஏ.ஏ., திருச்சிக்கு டி.ஆர்.இஜட்., பாலிக்கு டி.பி.எஸ். பெரிதாக இருப்பது எஸ்.ஐ.என். என்றால் பெட்டி சாங்கி பெல்ட்டில் வந்து விழும். நீங்கள்தான் எடுக்க வேண்டும். கடைசி ஊரின் குறி பெரிதாகவும், அதனுடன் எஸ்.ஐ.என்.-னும் இரண்டு விமான எண்களும் இருந்தால் பெட்டி தானாகவே மாறும்.

தனித்தனி டிக்கெட்டில் இரண்டாவது வகை அரிது. இரு நிறுவனங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இருந்து, கவுன்டரில் இருப்பவரும் மனம் வைத்தால் நடக்கலாம். கேட்டுப் பாருங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். டேக்கை மாட்டி பெட்டியைப் பெல்ட்டில் தள்ளும் அந்தச் சில நொடியில் கண்ணால் படித்துவிடுங்கள். ரசீதுத் துண்டை போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தருவார்கள்; அதிலும் அதே குறி இருக்கும், படம் எடுத்து வையுங்கள். பழைய பயணத்தின் டேக் கைப்பிடியில் தொங்கினால் வீட்டிலேயே கிழித்துப் போடுங்கள். பெட்டி வழி தவறுவதற்கு அது ஒரு பழைய காரணம்.

குடிநுழைவில் தானியங்கித் தடம் திறக்கவில்லை

முதலில் பார்க்க வேண்டியது எஸ்ஜி வருகை அட்டை. விமானத்தில் வந்து குடிநுழைவைக் கடக்கும் எல்லோரும், குடிமக்கள் நிரந்தரவாசிகள் உட்பட, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இதை இணையத்தில் நிரப்ப வேண்டும். டிரான்சிட்டிலேயே இருந்துவிட்டுப் போவோருக்குத் தேவையில்லை. கட்டணம் ஏதும் இல்லை. பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல, உடனே மூடிவிடுங்கள். நிரப்பாமல் வந்துவிட்டால் விமான நிலைய வைஃபையில் நின்றபடியே நிரப்பலாம். ஆனால் வரிசையின் நடுவில் நின்று நான்கு பேர் பாஸ்போர்ட் எண்ணைத் தட்டினால் இருபது நிமிடம் போய்விடும்.

பாஸ்போர்ட் புதுப்பித்தபின் பழைய எண்ணிலேயே அட்டை நிரப்பியிருந்தாலும் தடம் திறக்காது. அதைச் சரிசெய்தும் திறக்கவில்லை என்றால் மல்லுக்கட்டாமல் ஆள் இருக்கும் கவுன்டருக்குப் போங்கள். சின்னக் குழந்தைகளுக்கும் அந்தக் கவுன்டர்தான்.

பெல்ட் சுற்றி முடிந்தும் பெட்டி வரவில்லை

வீணை, மிருதங்கம், சக்கர நாற்காலி, பெரிய அட்டைப்பெட்டி போன்றவை வழக்கமான பெல்ட்டில் வராது. பெரிய பொருள்களுக்கான தனி வாசலில் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் டேக்கைப் பாருங்கள். கடைசி ஊர் வரைக்கும் கட்டியிருந்தால் அது ஏற்கெனவே உள்ளே மாறிக்கொண்டிருக்கும்.

இரண்டும் இல்லையென்றால் சுங்கத்தைத் தாண்டுவதற்கு முன், பெட்டி எடுக்கும் கூடத்திலேயே உள்ள கவுன்டரில் புகார் கொடுத்து, பார்வை எண் உள்ள படிவத்தை வாங்குங்கள். வெளியே வந்தபின் கொடுத்தால் வேலை இரட்டிப்பாகும். இங்கே ஒரு நுணுக்கம்: முதல் நிறுவனத்தின் கடமை சிங்கப்பூரோடு முடிந்துவிடுகிறது. பெட்டி நாளை கிடைத்தால் அதைப் பெர்த்துக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. சிங்கப்பூரில் அண்ணனோ மாமாவோ இருந்தால் அவர் முகவரியைக் கொடுத்து, அவரே பெற்றுக்கொள்ள எழுத்தில் அனுமதி தந்துவிட்டுப் போவது நடக்கக்கூடிய தீர்வு. மருந்து, ஒரு மாற்றுத் துணி, விசாத் தாள்கள் ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்கிறார்கள்

ஒரே டிக்கெட்டில் மாறுபவரின் பெட்டி சிங்கப்பூருக்குள் நுழைவதே இல்லை. உங்கள் பெட்டி நுழைகிறது. "நான் இங்கே தங்கவில்லையே, இரண்டு மணி நேரத்தில் போய்விடுவேன்" என்பது சட்டத்துக்குப் பொருட்டல்ல. பாலிக்குக் கொண்டுபோகும் பொருளானாலும் சிங்கப்பூர் விதிக்கு உட்பட வேண்டும்.

ஊரிலிருந்து வரும் பெட்டிகளில் தெரியாமல் மாட்டுவது கசகசா. இங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். அம்மா அரைத்துக் கொடுத்த குருமா மசாலாவில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே பெட்டியில் வையுங்கள். மெல்லும் புகையிலை, குட்கா, புகையிலை சேர்ந்த பான் எல்லாம் தடை. சூயிங் கம்மும் அப்படித்தான். மின்சிகரெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வைத்திருப்பதே குற்றம், டிரான்சிட்டில் போனாலும் குற்றம். இந்தியாவில் சமைத்த ஆட்டுக்கறி ஊறுகாய், கோழி வறுவல் போன்ற இறைச்சிப் பண்டங்களுக்கும் அனுமதி இல்லை.

சிகரெட்டுக்கு வரிச்சலுகை என்பதே கிடையாது. பிரித்த ஒரு பாக்கெட் இருந்தாலும் சிவப்புத் தடத்தில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். மதுவுக்குச் சலுகை உண்டு, ஆனால் பலர் அதைத் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். 18 வயது நிறைந்து, 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்துவிட்டு, மலேசியா அல்லாத இடத்திலிருந்து வந்தால் மொத்தம் 2 லிட்டர். அதில் விஸ்கி, பிராந்தி வகை 1 லிட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. மீதி ஒயினோ பியரோ. சென்னை டியூட்டி ஃப்ரீயில் இரண்டு விஸ்கி பாட்டில் வாங்கிவந்தவர் வரம்பைத் தாண்டிவிட்டார். சந்தேகம் இருந்தால் சிவப்புத் தடம். தானாகப் போய்ச் சொன்னவருக்கு வரியோடு போகும். அறிவிக்க எதுவும் இல்லை என்போருக்கான பச்சைத் தடத்தில் பிடிபட்டவருக்கு அபராதம்.

தப்பிவந்த பாட்டிலை அடுத்த செக்-இன்னுக்கு முன் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கையில் எடுத்துப் போனால், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். பவர் பேங்க் நேர்மாறு: பெட்டியிலிருந்து கைப்பைக்கு மாற்ற வேண்டும்.

கவுன்டரைத் தேடி வந்தால் முனையமே தப்பு

முனையம் 1, 2, 3 மூன்றும் ஸ்கைட்ரெயின் என்ற உள் ரயிலாலும் நடைபாதையாலும் இணைந்தவை. முனையம் 1, ஜுவல் என்ற கடைத்தொகுதியோடு ஒட்டியே இருக்கிறது. முனையம் 4 தனித்து நிற்கிறது. அங்கே போக இலவசப் பேருந்துதான். பேருந்தில் போகும் தூரம் குறைவுதான், ஆனாலும் காத்திருந்து ஏறி இறங்கி கவுன்டர் சேர அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்கைட்ரெயின் பின்னிரவில் சில மணி நேரம் ஓடாது.

நிறுவனங்கள் முனையம் மாறிக்கொண்டே இருக்கின்றன. போன வருடம் போன நினைவை நம்பாமல் அன்று காலை சாங்கி செயலியில் விமான எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனம் டிக்கெட் விற்று இன்னொன்று ஓட்டும் கூட்டு விமானம் என்றால் டிக்கெட் விற்றவரின் முனையம் வேறாக இருக்கலாம். விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் முனையம்தான் கணக்கு.

டிரான்சிட்டில் இருக்கிறேன், போர்டிங் பாஸ் கையில் இல்லை

முனையம் 1, 2, 3-இல் பாதுகாப்புச் சோதனை அந்தந்த வாயிலில்தான் நடக்கும். அதனால் இறங்கியவர் நேராகக் கடைகளும் நாற்காலிகளும் உள்ள புறப்பாட்டுப் பகுதிக்கே வந்து சேர்கிறார். இது வசதி. ஆனால் போர்டிங் பாஸ் இல்லாமல் வாயிலுக்குள் விடமாட்டார்கள். இணையச் செக்-இன்னில் "ஆவணம் சரிபார்க்க வேண்டும், கவுன்டருக்கு வாருங்கள்" என்று வந்து நின்றால், முதலில் டிரான்ஸ்ஃபர் கவுன்டரில் உங்கள் நிறுவனத்துக்கு ஆள் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த நிறுவனத்தைத் தொடர்புகொண்டு தரும்படி அங்கே இருப்பவரிடமே கேளுங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் வெளியே வந்து கவுன்டருக்குப் போவதுதான் மிச்சம். அதற்கு நுழைவு அனுமதி வேண்டும். விசா இல்லாதவர் இரவு முழுக்க அங்கே மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இணையச் செக்-இன் நம்மவர்களுக்குத் தோற்பதற்கு இன்னொரு காரணம் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக, "செல்வி முருகன்" முழுவதும் முதற்பெயர் இடத்தில் இருக்கும். ஒரு நிறுவனம் அதே பெயரை இருமுறை போடச் சொல்லும். இன்னொன்று பிரித்துப் போடச் சொல்லும். இரண்டு டிக்கெட்டிலும் வெவ்வேறு விதமாகப் பெயர் இருந்தால் தப்பில்லை, ஒவ்வொன்றும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளோடு ஒத்துப்போனால் போதும். இனிஷியலை மட்டும் போட்டிருந்தால் பயணத்துக்கு முன்பே நிறுவனத்தை அழைத்துத் திருத்துங்கள். கவுன்டரில் நின்று திருத்தக் கேட்டால் சில நிறுவனங்கள் புது டிக்கெட்டே வாங்கச் சொல்லும்.

முதல் விமானத்தில் சரியாக இருந்த எடை இரண்டாவதில் அதிகம்

ஒரே பெட்டி, இரண்டு விதி. சிங்கப்பூர் சென்னை 30 கிலோ, சென்னை மதுரை தனி டிக்கெட்டில் 15 கிலோ என்பது இங்கிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்குப் பழகிய அடி. மிச்சம் 15 கிலோவுக்கு உள்நாட்டுக் கவுன்டரில் கிலோ கணக்கில் பணம் கேட்பார்கள். முதல் நாளே செயலியில் கூடுதல் எடை வாங்கினால் மலிவு. இரண்டு டிக்கெட்டிலும் உள்ள எடைகளில் சின்னதையே உங்கள் வரம்பாக வைத்துக் கட்டுங்கள். அது முடியாதென்றால் வித்தியாசத்தை முன்கூட்டியே வாங்குங்கள். கைப்பை 7 கிலோ என்பதையும் சில நிறுவனங்கள் வாயிலில் தராசு வைத்துப் பார்க்கின்றன.

சென்னையில் பன்னாட்டு வருகை முனையம் 2. உள்நாட்டு விமானம் 1 அல்லது 4. வெளியே வந்து மறுபடி உள்ளே நுழையும்போது வாசலில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். அடுத்த டிக்கெட் மின்னஞ்சலில் மட்டும் இருந்து, ரோமிங்கும் இல்லையென்றால் அந்த வாசலில்தான் நிற்க வேண்டிவரும். கைப்பேசியில் இறக்கி வையுங்கள்.

நேரம் போதவில்லை

முதல் விமானம் காலை 5.55-க்கு இறங்குகிறது என்று வைப்போம். கதவு திறந்து நடந்து குடிநுழைவு சேர 6.15. கடந்துவர 6.40. பெட்டி வர 7.00. முனையம் 4-க்குப் பேருந்து, 7.30. பல நிறுவனங்களில் கவுன்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன் அடைபடும். ஆக எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் 8.30 விமானத்துக்குக் கடைசி நொடியில்தான் போய்ச் சேர்வீர்கள். அதாவது இரண்டரை மணி நேரம் என்பது முதல் விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காத நாளுக்கு மட்டும். பெட்டியோடு மாறுவதற்கு ஐந்து மணி நேரம் வையுங்கள். இரண்டாவது விமானம் அந்த ஊருக்கு அன்றைக்கு ஒன்றே ஒன்று என்றால் ஒரு இரவு தங்குங்கள். ஓட்டல் செலவு புது டிக்கெட்டைவிடப் பெரும்பாலும் குறைவு. குடிநுழைவைக் கடந்தவர்களுக்கு ஜுவலில் யோட்டல்ஏர், முனையம் 3-ஐ ஒட்டி கிரவுன் பிளாசா. உள்ளேயே இருப்பவர்களுக்கு முனையம் 1 டிரான்சிட்டில் ஏரோட்டல்.

தேதியையும் ஒருமுறை பாருங்கள். சென்னையில் 14-ஆம் தேதி இரவு 11.15-க்கு ஏறுபவர் சாங்கியில் இறங்குவது 15-ஆம் தேதி காலை. சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால். அடுத்த டிக்கெட்டை 14-ஆம் தேதி காலைக்கு வாங்கிவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. நள்ளிரவு 12.40 விமானமும் இப்படித்தான் ஏமாற்றும்: 16-ஆம் தேதி 12.40 என்றால் 15-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

முதல் விமானம் தாமதம், இரண்டாவது போய்விடும் போலிருக்கிறது

ஏறுவதற்கு முன்பே தெரிந்தால் அந்த நிமிடமே இரண்டாவது நிறுவனத்தின் செயலியைத் திறந்து தேதி மாற்றுங்கள். மாற்றுக் கட்டணமும் கட்டண வித்தியாசமும் வலிக்கும். ஆனாலும் புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன் அந்தக் கதவு அடைபட்டுவிடும். வராத பயணியாகக் குறித்துவிட்டால் பெரும்பாலும் டிக்கெட்டில் மதிப்பே மிஞ்சாது. அதைவிட மோசம், அதே பதிவில் திரும்பும் டிக்கெட்டும் இருந்தால் அதுவும் தானாக ரத்தாகலாம். புறப்பாட்டுக்கு முன்பே அழைத்து, "போகும் பயணம் வேண்டாம், திரும்பும் பயணத்தை வைத்திருங்கள்" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எல்லா நிறுவனமும் ஒத்துக்கொள்ளாது. கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது.

இரண்டு டிக்கெட்டையும் ஒரே இணைய முகவர் இணைப்பு உத்தரவாதத்துடன் விற்றிருந்தால், நீங்களாகப் புது டிக்கெட் வாங்கும் முன் அவர்களை அழையுங்கள். நீங்களே வாங்கியபின் பல முகவர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

தாமதத்துக்கான சான்றுக் கடிதத்தை முதல் நிறுவனத்திடம் அன்றே கேளுங்கள். காப்புறுதிக்கு அது வேண்டும். ஆனால் காப்புறுதி வாங்கும்போதே இணைப்பு தவறிய பகுதியைப் படித்திருக்க வேண்டும்: தனித்தனி டிக்கெட்டை ஏற்கிறதா, இரண்டு விமானங்களுக்கு நடுவே குறைந்தது எத்தனை மணி நேரம் கேட்கிறது, எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பின் பணம் தரும். நடுவில் ஒன்றரை மணி நேரம் மட்டும் விட்டு வாங்கியவரின் கோரிக்கை அந்த இரண்டாவது வரியிலேயே நின்றுவிடும்.